எக்ஸ்டென்ஷன் எடுத்தபோது பிய்ந்துபோன கண் இமை முடியை வீட்டிலேயே மறுபடி வளர வைப்பது எப்படி?

கேள்வி இரண்டு வரிதான். பார்லரில் வைத்த லேஷ் எக்ஸ்டென்ஷனை (சொந்த இமை முடிமேல் ஒட்டும் செயற்கை முடி) எடுத்தபோது சொந்த முடியும் சேர்ந்து வந்துவிட்டது, அடுத்த மாதம் தங்கை கல்யாணம், வீட்டிலேயே என்ன தடவினால் சீக்கிரம் வளரும் என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே யூகித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தவர் யாராவது உங்கள் முகத்தை உற்றுப் பார்த்து, "என்னம்மா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டிருப்பார். இந்நேரம் போனில் பத்து வீடியோ பார்த்திருப்பீர்கள். சமையலறையில் இருப்பதில் பாதியை இமையில் தடவலாமா என்று யோசனையில் இருப்பீர்கள். தடவாதீர்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: வேர் கெடாமல் இருந்தால் இமை முடி தானாக வளரும். எதைத் தடவினாலும் வளரும், எதையும் தடவாவிட்டாலும் வளரும். அந்த நேரத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். நம் வேலை வளர்கிற இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும், கையை வைக்காமல் இருப்பதும்தான்.

இதைச் சொல்ல நீ யார் என்று கீழே ஒருவர் கேட்பார். நான் டாக்டர் இல்லை. பார்மசி படித்துவிட்டு அருப்புக்கோட்டையில் அப்பாவின் மருந்துக் கடையில் உட்கார்ந்திருப்பவள். இமை முடிக்கு என்று சொட்டு மருந்து, சீரம், மாத்திரை கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, என் இடது கண்ணின் வெளிப்பக்கம் முடியே இல்லாமல் புது மருமகளாக விருந்துக்குப் போய் உட்கார்ந்தவள். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

என் கல்யாணம் மதுரையில் நடந்தது. அலங்காரத்தை ஒரு பார்லரிடம் பேக்கேஜாகப் பேசியிருந்தார்கள். ஃபேஷியல், மெஹந்தி, முகூர்த்தத்துக்கு ஒரு மேக்கப், ரிசப்ஷனுக்கு ஒரு மேக்கப், அதோடு 'இலவசமாக' லேஷ் எக்ஸ்டென்ஷன். வேண்டாம் என்றுதான் சொன்னேன். "போட்டோவுல கண்ணே தெரியாதுக்கா" என்றது அந்தப் பெண். பக்கத்தில் இருந்த சித்தியும் தலையாட்டினார். படுக்கவைத்து, கீழ் இமையில் ஜெல் பட்டை ஒட்டி, என் முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை ஒட்டினார்கள். கண்ணை மூடியிருந்தும் எரிந்தது. அந்தப் பசை சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை ஒட்ட வாங்குகிறோமே ஃபெவிக்விக், அதே குடும்பம். இமைக்காகக் கொஞ்சம் மாற்றிச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு சிறிதளவு வெளிவரும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை தடித்துச் சிவக்கும். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மறுவீட்டு விருந்து முடிவதற்குள் இமையோரம் வீங்கி, காலையில் எழுந்தால் பீளை ஒட்டிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. எடுத்துவிடலாம் என்று அதே பார்லருக்குப் போனேன். வைத்துவிட்டவர் அன்றைக்கு வரவில்லை. பசையைக் கரைக்கும் ரிமூவரைப் போட்டு, ஊறவிட்டு, வழித்து எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. ரிமூவர் தீர்ந்துபோயிருந்ததாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ட்வீசரால் இழுத்தே எடுத்துவிட்டாள். நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கண்ணை மூடிப் படுத்திருப்பவளுக்கு எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எழுந்து பார்த்தால் டிஷ்யூவில் அவர்கள் முடியோடு என் முடியும், நுனியில் வெள்ளைப் புள்ளியோடு. சின்ன வயதில் ஒரு இமை முடி உதிர்ந்தால் புறங்கையில் வைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஊதுவோம், நினைவிருக்கிறதா? அன்றைக்கு நினைக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊத முடிதான் ஏராளம்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். அத்தை, அதாவது மாமியார், கண்ணேறு என்று சொல்லி மிளகாய், உப்பு எடுத்துச் சுற்றிப் போட்டார். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, புகைதான் கொஞ்சம் எரிந்தது. பெரியம்மா விளக்கெண்ணெய் என்றார். நாத்தனார் ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் சீரம் ஒன்றை ஆர்டரே போட்டுவிட்டாள். சித்தி, மிச்சம் இருக்கும் முடியின் நுனியைக் கத்தரித்தால் தடிமனாக வளரும் என்றார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பச்சைக் குழந்தைக்குக்கூட இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே நுனியில் என்ன நடந்தது என்று வேருக்குத் தெரியாது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வெங்காயச் சாற்றைப் பற்றி நான் எழுத வேண்டுமா? வெங்காயம் நறுக்கினாலே கண்ணுக்கு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கண் டாக்டரிடம் போனேன். விளக்கு வைத்த கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, இமையைத் தூக்கி முடி முளைக்கும் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தழும்பு எதுவும் இல்லை, வேர் இருக்கிறது, இமையோரத்தில் பொடுகு மாதிரிப் படிந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்தால் போதும், முடி வந்துவிடும் என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. அம்மாவுக்கு வந்ததே கோபம். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு சொட்டு மருந்துகூட இல்லையா?" என்று வாசலிலேயே சத்தமாகக் கேட்டார். மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்.

அவர் சொல்லி நான் செய்தது இவ்வளவுதான். வெந்நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும், மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். இமையின் விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. சூட்டில் அதில் உறைந்திருப்பது இளகும். கண்கட்டி வந்தால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக வைப்பார்களே, அதன் நியாயமும் இதுதான். பிறகு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் குழந்தை ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு கலந்து, காட்டன் பட்ஸை அதில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு முடியின் அடிப்பகுதியை மெதுவாகத் துடைக்க வேண்டும். உள்ளே போகாமல். பிறகு தண்ணீரில் கழுவிவிடலாம். வீக்கம் இருக்கும்வரை காலை, மாலை. பிறகு ராத்திரி ஒரு வேளை. ஷாம்பு எரிச்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள், துணி மட்டும் போதும்.

இதோடு செய்யாதவை சில. இமையின் உள்விளிம்பில் காஜல் இழுப்பதை நிறுத்தினேன். அந்தச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. மஸ்காரா இல்லை, இமையைச் சுருட்டும் கர்லர் இல்லை. பின்னால் மஸ்காரா போட ஆரம்பித்தபோதும் வாட்டர்ப்ரூஃப் வாங்கவில்லை. அதை எடுக்கத் தேய்க்கும் தேய்ப்பிலேயே பாதி முடி போய்விடும். கர்லரையும் மஸ்காரா போடுவதற்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும், காய்ந்த மஸ்காராவோடு பிடித்தால் முடி ஒடியும். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப்போடுங்கள். அரிக்கும்போது கண்ணைக் கசக்காமல் இருப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ராத்திரித் தூக்கத்தில் கை போய்விடும்.

எத்தனை நாளில் வரும் என்பதற்கு முடியின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடி, கீழ் இமையில் 70, 80. தலைமுடி ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் வளரும், அதனால்தான் இடுப்புவரை வருகிறது. இமை முடி வளர்வது ஒன்று, ஒன்றரை மாதம். பிறகு வளர்ச்சி நின்று, சில மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அது போகாததற்கு இதுதான் காரணம். நீளமாக்குகிறேன் என்று எந்த எண்ணெயும் இந்தக் கணக்கை மாற்றிவிட முடியாது. தினமும் இரண்டு மூன்று உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். நெருப்பில் நுனி கருகியது என்றால் ஒன்றரை மாதத்தில் சரியாகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் தீபாவளிக்கு மறுநாள் புஸ்வாணம் கொளுத்தி இமை பொசுங்கிய பையன்கள் கடைக்கு வருவார்கள். கண்ணில் பொறி விழவில்லை என்றால் அவர்களுக்கு ஒன்றும் விற்காமலே அனுப்புவேன். உங்களுக்கும் எனக்கும் ஆனதுபோல் அடியோடு பிடுங்கியது என்றால் இரண்டு மூன்று மாதம்வரை ஆகலாம். எனக்கும் அவ்வளவு ஆனது. முதலில் முள் மாதிரி வந்து குத்தும், பிறகு சரியாகும். அந்த முள்ளைப் பிடுங்காதீர்கள்.

இப்போது விளக்கெண்ணெய். எங்கள் பாட்டி விளக்கெண்ணெய் தடவித்தான் எங்களுக்கெல்லாம் இமை அடர்த்தி என்று கமெண்டில் நான்கு பேர் வருவார்கள் என்று தெரியும். உங்கள் பாட்டியை நான் குறை சொல்லவில்லை. விளக்கெண்ணெய் முடியின் மேல் பூச்சாக நின்று வறண்டு ஒடியாமல் காக்கும், பளபளப்பாகக் காட்டும். புது முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு உருப்படியான நிரூபணம் கிடையாது. தடவாமல் மனசு கேட்கவில்லை என்றால் ராத்திரி பட்ஸ் நுனியில் தொட்டு முடியில் மட்டும் தடவுங்கள். இமையில் வீக்கமோ பொடுகோ இருக்கும்போது அதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று முக்கியம்: பூஜை சாமான் கடையில் விளக்கேற்ற என்று விற்கும் பாட்டில் எண்ணெய் கண்ணுக்கு ஆகாது. பல எண்ணெய்களின் கலவை அது, வாசனை வேறு சேர்த்திருப்பார்கள். மருந்துக் கடைக்காரி எண்ணெய் வேண்டாம் என்றால் வியாபாரத்துக்காக என்பீர்கள். விளக்கெண்ணெயையும் நான்தான் விற்கிறேன் சாமி.

உண்மையிலேயே இமை முடியை வளர்க்கும் மருந்து ஒன்று இருக்கிறது. அதுதான் என் தலைவலி. பைமாட்டோப்ராஸ்ட் என்று பெயர். கண் அழுத்த நோய்க்கு 2001-இல் அமெரிக்காவில் லூமிகன் என்ற பெயரில் வந்த சொட்டு மருந்து. அதைப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு இமை நீண்டு கறுத்து அடர்ந்ததைப் பார்த்துத்தான், அதே 0.03 சதவீத மருந்தை இமைக்கென்றே லாட்டிஸ் என்ற பெயரில் 2008 டிசம்பரில் அனுமதித்தார்கள். அனுமதிக்காக நடந்த ஆய்வில் 16 வாரம் தடவியவர்களில் 78 சதவீதம் பேருக்கு இமை நன்றாகத் தேறியது. மருந்தில்லாத திரவம் தடவியவர்களிலும் 18 சதவீதம் பேருக்குத் தேறியது என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் தடவி வளர்ந்தது என்பவர்களை நான் ஏன் உடனே நம்புவதில்லை என்று இப்போது புரியும்.

ஆனால் அந்த மருந்து சும்மா வேலை செய்வதில்லை. கண் சிவக்கும், அரிக்கும். இமைத் தோல் கறுக்கும். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் உள்வாங்கியதுபோல் ஆகலாம். கண்மணியைச் சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறம் நிரந்தரமாகவே கருமையாகலாம். வழிந்து போகும் கன்னத்திலும் முடி முளைக்கலாம். நிறுத்தினால் இமை மெல்லப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இதை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. போனில் படத்தைக் காட்டி, "தாத்தாவுக்கு கண் பிரஷர்" என்று காலேஜ் பெண்கள் கேட்பார்கள். தாத்தாவின் சீட்டு எங்கே என்றால் பதில் இருக்காது. கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்வேன் என்று போகிறவர்களை என்ன செய்வது?

நாத்தனார் வாங்கிய சீரமும் இதே கதை. அட்டையில் 'மூலிகை' என்று பெரிதாக, பின்னால் பொடி எழுத்தில் ஐசோப்ரோபைல் க்ளோப்ரோஸ்டெனேட். அதுவும் பைமாட்டோப்ராஸ்டின் உறவுதான். நீங்கள் வாங்கியிருந்தால் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். பெயரில் 'ப்ராஸ்ட்', 'ப்ரோஸ்ட்' என்று வந்தால் அது எண்ணெய் இல்லை, மருந்து. நான் அதைப் பிரிக்கவே இல்லை. நாத்தனாருக்கு இன்னும் வருத்தம்.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் இப்படித்தான் போகிறது. உடம்பில் அந்தக் குறை இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்று சொல்ல முடியாது. முடி கொட்டுகிறதே என்று தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் இதை அதிக அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரிசல்ட்டே தப்பாக வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்த விஷயம் இது. டெஸ்ட் எடுப்பவரிடம் மாத்திரையைச் சொல்லுங்கள்.

இமை பற்றிப் பேச்சு வந்தால் எனக்குக் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்துவிடும். இமை போனபிறகுதான் வெளியிடத்தில் வைத்து ஒரு போட்டோ ஷூட் இருந்தது. தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். "எடிட்ல வச்சிடலாம் மேடம்" என்றார் போட்டோக்காரர். ஆல்பம் வந்தது. இமை வைத்திருந்தார், கதகளி ஆடுபவர் மாதிரி. அது பரவாயில்லை. என் நிறத்தையும் மாற்றியிருந்தார். என்னை மட்டும் இல்லை, வெயிலில் கறுத்த எங்கள் அப்பாவையும் பால் மாதிரி ஆக்கியிருந்தார். அப்பாவுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை, "யாருப்பா இது, மாப்பிள்ளை வீட்டு ஆளா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுங்கள், அப்புறம்தான் மிச்சப் பணம் என்றேன். எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் கறுப்பாக்கச் சொல்கிறீர்கள் என்றார். கறுப்பாக்கச் சொல்லவில்லை, இருக்கிறபடி கேட்டேன். அந்த ஆல்பம் இன்னும் திருத்தி வரவில்லை. சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கை கல்யாணத்துக்குள் முழுசாக வந்துவிடுமா என்றால், வராது. யாராவது வரும் என்று சொன்னால் எதையோ விற்கப் பார்க்கிறார்கள். வீக்கம் வடிந்திருந்தால் மேல் இமையின் வெளிப்பக்கத்தில், முடி முளைக்கும் கோட்டுக்கு மேலே பென்சிலால் மெல்லிய கோடு இழுங்கள், இடைவெளி தெரியாது. பட்டையாக ஒட்டும் பொய் இமையும் இந்த மாதம் வேண்டாம், அதற்கும் பசைதான். எக்ஸ்டென்ஷனை மறுபடி வைத்து மறைக்கலாம் என்று பார்லரில் சொல்வார்கள். இருக்கிற முடிதான் அந்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும், தொடர்ந்து இழுபட்டால் வேர் நிரந்தரமாகவே சோர்ந்துவிடலாம். போதாததற்கு, நீளமான இமை கண்ணுக்கு நல்லதும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 22 பாலூட்டிகளின் இமையை அளந்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இமை முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதுதான் காற்றும் தூசியும் கண்ணில் குறைவாகப் படுகின்றன. அதைவிட நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு ஈரத்தை உலர்த்துகிறது. கல்யாண மண்டபத்து ஃபேனுக்கு அடியில் நான் ஏன் விடாமல் கண் கலங்கிக்கொண்டிருந்தேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்த்தவர்கள் பிறந்த வீட்டைப் பிரியும் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் பிடுங்கியதால் போன முடிக்கு. எக்ஸ்டென்ஷன் வைக்காமலே கொட்டுகிறது என்றால் கதை வேறு, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தைராய்டு குறைந்தால் புருவத்தின் வெளிமுனையோடு இமையும் மெலியும். புழுவெட்டு இமையிலும் வரும். முடியின் அடியில் வளையம் வளையமாக வெள்ளைச் செதில் ஒட்டியிருந்தால் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி காரணமாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. புருவமும் இமையும் உதிர்ந்து, தோலில் உணர்ச்சி குறைந்த இடம் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும், முழுக்கக் குணமாகும் நோய்தான். ஒரே இடத்தில் மட்டும் முடி போய், அங்கே கண்கட்டி மாதிரி ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், இமைப் புற்றுநோய் அப்படித்தான் வேஷம் போடும். பதற்றத்தில் தானே இமையைப் பிடுங்கும் பழக்கம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

உங்களுக்கு மூன்று மாதம் கழித்தும் அந்த இடத்தில் முள் முள்ளாகக்கூட எதுவும் வரவில்லை என்றால் கண் டாக்டரைப் பாருங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால் மூன்று மாதம் எல்லாம் வேண்டாம், இன்றைக்கே போங்கள். போகும்போது மை, காஜல் எதுவும் போடாமல் போங்கள். இதுவரை இமையில் தடவிய பாட்டில், டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். நாத்தனார் வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்து.